பூச்சி கண்டறியும் செயலி தடுமாறும்போது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

ஆனேக்கல், சர்ஜாபூர், மாலூர், எல்லை தாண்டி ஓசூர், தளி, கெலமங்கலம் என்று பெங்களூரைச் சுற்றித் தக்காளி, மிளகாய், முட்டைகோஸ், ரோஜா போடும் தமிழ் விவசாயிகள் பலர், இலையைப் படமெடுத்துப் பூச்சியின் பெயர் சொல்லும் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்கள் கீழே அறிகுறி வாரியாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிக்கும் காரணம் கடைசியில்.

எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று. செயலி பெயர் சொன்னதும் மருந்துக் கடைக்குக் கிளம்பாதீர்கள். அந்தப் பெயருக்குரிய பூச்சியைச் செடியில் கண்ணால் பாருங்கள், எத்தனை செடியில் இருக்கிறது என்று எண்ணுங்கள், பிறகு முடிவெடுங்கள். தப்பான பெயருக்கு அடிக்கும் ஒரு டேங்க் மருந்து பணத்தை மட்டும் தின்பதில்லை, பொறிவண்டையும் சிலந்தியையும் கொன்று அடுத்த வாரப் பூச்சிக்கு வழி திறந்துவிடுகிறது.

## அறிகுறி 1: "படம் தெளிவாக இல்லை", "பயிரை அடையாளம் காண முடியவில்லை"

லென்ஸைத் துடைத்தீர்களா? வயலில் பாதிக் கோளாறு இதுதான். மருந்து தெளிக்கும் இடத்தில் கைபேசி இருந்தால் லென்ஸ் மேல் மெல்லிய படலம் படியும். பார்வைக்குத் தெரியாது, படம் மட்டும் பால் போல வெளிறும். உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள்.

எவ்வளவு கிட்டப் போனீர்கள்? சாதாரண கைபேசிக் கேமரா 8 முதல் 10 சென்டிமீட்டருக்குக் கீழே ஃபோகஸ் ஆகாது. ஒரு சாண் தூரத்தில் பிடித்து, திரையில் இலையைத் தொட்டு ஃபோகஸ் செய்து, இருமடங்கு ஜூம் வைத்து எடுங்கள். இலைக்கு மிக அருகே கொண்டுபோவதைவிட இது நன்றாக வரும்.

உச்சி வெயிலா? இலை பளபளத்து, மஞ்சள் புள்ளியெல்லாம் வெள்ளையாகிவிடும். உங்கள் நிழல் இலை முழுவதும் விழும்படி நில்லுங்கள். பாதி வெயில் பாதி நிழல்தான் மோசம்.

படம் வாட்ஸ்அப் வழியாக வந்ததா? மகன் வயலில் எடுத்து அனுப்பிய படத்தை அப்பா வீட்டிலிருந்து பதிவேற்றுவது வழக்கமாகிவிட்டது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், இடத் தகவலையும் நீக்கிவிடும். சிலந்திப்பேன் போன்ற நுண்ணிய பூச்சி அதில் அழிந்தே போகும். படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தும் தெளிவில்லை என்றால், கிளிப் போல மாட்டும் மேக்ரோ லென்ஸ் பெங்களூர் எஸ்.பி. ரோட்டு மின்னணுக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் அதற்கு முன் 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்குவதே எங்கள் பரிந்துரை. படம் எடுக்காவிட்டாலும் கண்ணுக்குப் பயன்படும். புதுக் கைபேசி வாங்க வேண்டிய தேவை இந்த வேலைக்குப் பெரும்பாலும் வராது.

## அறிகுறி 2: ஒரே செடிக்கு இரண்டு பதில், அல்லது தப்பான பெயர்

முதலில் செயலியில் தேர்ந்தெடுத்த பயிரைப் பாருங்கள். போன பருவம் போட்ட முட்டைகோஸ் அப்படியே பதிவில் இருக்க, இப்போது தக்காளி இலையைக் காட்டினால் பதில் கோணலாகத்தான் வரும். அடுத்து, எந்த இலையை எடுத்தீர்கள்? காய்ந்து முடிந்த இலையில் நோயின் கடைசி நிலைதான் இருக்கிறது, அந்த நிலையில் பல நோய்கள் ஒன்றுபோலத் தெரியும். நல்ல பகுதியும் கெட்ட பகுதியும் சேர்ந்திருக்கும் இலையே சரியானது. மூன்று படம் எடுங்கள்: முழுச் செடி, இலையின் மேல்புறம், அடிப்புறம். அடிப்புறத்தை விட்டுவிட்டால் வெள்ளை ஈ, அசுவினி, சிலந்திப்பேன் மூன்றும் செயலிக்குத் தெரியாமல் போகும்.

இவை சரியாக இருந்தும் குழப்பம் நீடித்தால், கீழே உள்ள கிளையில் உங்கள் செடிக்கு எது பொருந்துகிறதோ அதற்குப் போங்கள்.

### மிளகாய் இலை சுருள்கிறது, செயலி "இலைச்சுருட்டு வைரஸ்" என்கிறது

இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. சுருட்டலுக்குக் காரணம் மூன்று, மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. படத்தில் மூன்றும் சுருண்ட இலைதான்.

- இலை ஓரம் மேல்நோக்கி படகு போலச் சுருண்டிருக்கிறதா? இலைப்பேன். கொழுந்தை வெள்ளைத் தாள் மேல் தட்டுங்கள். மெல்லிய கோடு போன்ற பூச்சிகள் வேகமாக ஓடும்.
- கீழ்நோக்கி மடிந்து, இலை கரும்பச்சையாகி, காம்பு நீண்டிருக்கிறதா? மஞ்சள் சிலந்திப்பேன். வெறும் கண்ணுக்குத் தெரியாது. கொழுந்திலையின் அடியில் கைலென்ஸ் வைத்துப் பாருங்கள்.
- இரண்டும் இல்லை, செடி குட்டையாகி, இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடியை அசைத்தால் வெள்ளை ஈ பறக்கிறதா? அப்போதுதான் வைரஸைச் சந்தேகிக்க வேண்டும்.

இலைப்பேனுக்கு அடிக்கும் இமிடாகுளோப்ரிட் சிலந்திப்பேனைக் கொல்லாது. சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் போன்றவை வேண்டும். அதைக் கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும், வேப்பெண்ணெய் அடித்த செடியில் இரண்டு வாரத்துக்குள் அடித்தாலும் கருகும். வைரஸுக்கோ மருந்தே இல்லை. பாதித்த செடியைப் பிடுங்கி வயலுக்கு வெளியே புதைத்து, வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதுதான் வழி. அடுத்த பருவத்தில் நாற்றங்காலுக்கு 40 முதல் 50 கண்ணி (மெஷ்) அடர்த்தியுள்ள வலை போடுங்கள்.

பூவையும் திறந்து பாருங்கள். திரிப்ஸ் பார்விஸ்பைனஸ் என்ற கறுத்த இலைப்பேன் பூவுக்குள் கூட்டமாக இருக்கும். இந்தியாவில் இது முதலில் பதிவானதே பெங்களூரில், 2015-இல், பப்பாளியில். 2021-இல் ஆந்திர, தெலங்கானா மிளகாயைச் சூறையாடியது. இலையை மட்டும் படமெடுத்தால் செயலி இதைக் காண வழியே இல்லை. பூ உதிர்ந்து, பூவுக்குள் பத்துக்கு மேல் ஓடினால் அன்றைக்கே தோட்டக்கலை அலுவலரைக் கூப்பிடுங்கள்.

### தக்காளி இலையில் வெள்ளைக் கோடு அல்லது கொப்புளம்

பாம்பு போல நெளிந்த மெல்லிய கோடா? இலைத்துளைப்பான் ஈ. அடி இலையில் கொஞ்சம் இருந்தால் கிள்ளிப் போட்டாலே போதும். கோடு அகன்று, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் திட்டாகி, உள்ளே கரும் எச்சம் தெரிகிறதா? 2014-இல் இந்தியாவுக்குள் கண்டறியப்பட்ட டூட்டா என்னும் ஊசிப்புழு. இலையை வானத்துக்கு நேராகப் பிடித்தால் உள்ளே புழு நெளிவது தெரியும். காம்புக்கு அருகே காயில் குண்டூசித் துளையும் இருக்கும். முதலாவதை இரண்டாவது என்று நினைத்து மருந்தடிப்பவர்களும் உண்டு, இரண்டாவதை முதலாவது என்று விட்டுவிட்டுக் காயை இழப்பவர்களும் உண்டு. எனவே ஒளிச் சோதனையை விடாதீர்கள்.

### இலை குறுகி முறுக்கிக்கொண்டது, பூச்சி ஒன்றும் இல்லை

செயலி வைரஸ் என்றுதான் சொல்லும். பக்கத்து ராகியிலோ சோளத்திலோ சமீபத்தில் 2,4-டி களைக்கொல்லி அடித்தார்களா என்று கேளுங்கள். காற்றில் வரும் சிறு சாரலே தக்காளிக்குப் போதும். வரப்போரச் செடிகளில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருந்தால் இதுதான். களைக்கொல்லி அடித்த அதே ஸ்பிரேயரை நீங்கள் இரவல் வாங்கிப் பயன்படுத்தியிருந்தாலும் இதே விளைவு வரும். அப்போது பாதிப்பு வயல் முழுக்கச் சமமாக இருக்கும். பூச்சி மருந்து எதுவும் வேண்டாம். புதுக் கொழுந்து நேராக வருகிறதா என்று பார்த்துக் காத்திருங்கள்.

### செடி திடீரென வாடுகிறது

இலைப் படத்தால் இதைத் தீர்மானிக்க முடியாது, செயலியை மூடிவிடுங்கள். வாடிய செடியின் அடித்தண்டில் விரல் நீளத் துண்டு வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் நுனி மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் போல இறங்கினால் பாக்டீரியா வாடல். நூல் இல்லை, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு என்றால் ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை வாடல். இரண்டிலும் வாடிய செடி பிழைக்காது. பிடுங்குங்கள், அந்த இடத்தின் தண்ணீர் மற்ற வரிசைக்கு ஓடாமல் தடுங்கள்.

### காயின் அடியில் கறுத்த பள்ளம், இலையில் வளையம்

காயின் பூ விழுந்த பக்கம் மட்டும் தோல் போலக் கறுத்திருந்தால் நோயே அல்ல, சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராத குறை. தண்ணீர் ஒருநாள் நிறைய, மூன்று நாள் இல்லை என்று விடுவதுதான் பெரும்பாலும் காரணம். அடி இலையில் வட்டத்துக்குள் வட்டம் என்றால் முன்கருகல். நனைந்தது போன்ற கரும் திட்டு, அதிகாலையில் இலையடியில் வெள்ளைப் பூஞ்சை என்றால் பின்கருகல். பெங்களூர் மழைக்காலக் குளிரில் பின்கருகல் சில நாளில் வயலை முடித்துவிடும். இந்த ஒன்றில் மட்டும் எண்ணிக்கைக்காகக் காத்திருக்காமல் அன்றே ஆலோசனை கேளுங்கள்.

## அறிகுறி 3: "செடி நலமாக உள்ளது" என்கிறது, ஆனால் காயில் புழு

இலையைக் காட்டினால் இலைக்குத்தான் பதில் வரும். கத்தரியில் தொங்கும் நுனித்தண்டைத் தேடிப் பிளந்து பாருங்கள், தண்டு மற்றும் காய்த்துளைப்பான் உள்ளே இருக்கும். அந்த நுனிகளை வாரம் ஒருமுறை வெட்டி அழிப்பதே முதல் வைத்தியம். முட்டைகோஸில் இலையின் பச்சை சுரண்டப்பட்டு ஜன்னல் போலத் தோல் மட்டும் நின்றால் வைரமுதுகு அந்துப்பூச்சி. தொட்டால் புழு துடித்து நூலில் தொங்கும். இரவில் மேயும் புழுக்களைப் பகல் படம் காட்டாது. மாலை ஆறு மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள்.

## அறிகுறி 4: பொறியில் பூச்சி இல்லை, செயலி "ஆபத்து குறைவு" என்கிறது, வயலிலோ புழு

இது இனக்கவர்ச்சிப் பொறி பற்றியது: பெண் பூச்சியின் வாசனையுள்ள மாத்திரையை வைத்து ஆண் பூச்சியை இழுக்கும் பொறி. அதில் விழுந்ததாக நீங்கள் கொடுக்கும் எண்ணிக்கையைத்தான் செயலி கணக்குப் போடுகிறது. பொறியில் கோளாறு என்றால் கணக்கும் கோளாறு.

1. மாத்திரை எதற்குரியது என்று உறையைப் படியுங்கள். இனக்கவர்ச்சி மாத்திரை பூச்சிக்குப் பூச்சி வேறு. தக்காளிக் காய்ப்புழுவுக்குரியதை வைத்து டூட்டா வரும் என்று காத்திருப்பது அடிக்கடி நடக்கிறது.
2. எத்தனை நாள் ஆயிற்று? பெரும்பாலானவை மூன்று, நான்கு வாரம்தான் தாங்கும். வைத்த தேதியைப் பொறியின் மேல் மார்க்கரால் எழுதுங்கள். வாங்கிய மீதியை ஃபிரிட்ஜில் வையுங்கள், வீட்டு அலமாரியில் அல்ல.
3. ஒரு மாத்திரையைத் தொட்ட கையால் இன்னொரு வகையைத் தொடாதீர்கள். வாசனை கலந்துவிட்டால் இரண்டுமே கெடும்.
4. காய்ப்புழுப் பொறி செடி உச்சிக்கு ஓர் அடி மேலே இருக்கட்டும். செடி வளர வளர உயர்த்த மறப்பவர்கள்தான் அதிகம். ஏக்கருக்கு 5 பொறி என்பது கண்காணிப்புக்கு.

பூச்சி ஒட்டிக்கொள்ளும் பசை தடவிய மஞ்சள் அட்டையைப் படமெடுத்து எண்ணும் செயலி தப்பாக எண்ணினால், அட்டையில் தூசி படிந்திருக்கிறதா பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை ஓர வயல்களில் ஒரு வாரத்திலேயே படியும். வெயில் பளபளப்பும் பூச்சியாக எண்ணப்படும். நிழலில் நேராகப் பிடித்து எடுங்கள், முதல் இரண்டு வாரம் கையாலும் எண்ணி ஒப்பிடுங்கள்.

இன்னொன்று: இனக்கவர்ச்சிப் பொறியில் விழுபவை ஆண் பூச்சிகள் மட்டுமே. பொறி காலி என்பதால் முட்டை இல்லை என்று ஆகாது. வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 20 செடியைப் பார்த்த பிறகே அன்றைய எண்ணிக்கையைப் பதிவு செய்யுங்கள்.

## அறிகுறி 5: மருந்தின் அளவு குழப்புகிறது

பரப்பளவு. செயலி ஏக்கர் கேட்கும், கர்நாடகப் பத்திரத்தில் குண்டே இருக்கும், ஓசூர்ப் பக்கம் சென்ட் பேசுவார்கள். 40 குண்டே ஓர் ஏக்கர், 100 சென்ட் ஓர் ஏக்கர். ஆகவே 20 குண்டே என்பது 50 சென்ட், அரை ஏக்கர். 20 என்று அப்படியே போட்டால் 20 ஏக்கருக்குப் பட்டியல் வரும்.

ஹெக்டேரா, ஏக்கரா? ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. என்ற பூச்சி மருந்து தக்காளிக் காய்ப்புழுவுக்கு ஹெக்டேருக்கு 150 மில்லி, அதாவது ஏக்கருக்கு 60 மில்லி. 150-ஐ ஏக்கருக்கென்று படித்தால் இரண்டரை மடங்கு விஷம். அதே மருந்து முட்டைகோஸுக்கு ஹெக்டேருக்கு 50 மில்லிதான். செயலியில் பயிர் மாறிக் கிடந்தால் அளவு எப்படித் தாறுமாறாகும் என்பதற்கு இதுவே போதும்.

டேங்க் கணக்கு. ஏக்கருக்கு 60 மில்லி, 200 லிட்டர் தண்ணீர் என்றால் லிட்டருக்கு 0.3 மில்லி. 16 லிட்டர் டேங்குக்கு 4.8 மில்லி. மூடியால் அளக்காதீர்கள், ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் என்று வந்தால் 5 கிலோ பருப்பை இடித்து, இரவு முழுக்க 10 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடிக்க வேண்டும். வடிகட்டாவிட்டால் நாசில் அடைக்கும்.

செயலி சொல்லும் மருந்து உங்கள் பயிருக்கு அனுமதிக்கப்பட்டதா? டப்பாவின் லேபிளில் பயிர் பெயர் இருக்கும், அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாளும் இருக்கும். லேபிளும் செயலியும் முரண்பட்டால் லேபிளே சரி. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு எந்தச் செயலியோ கடைக்காரரோ சொன்னாலும் வாங்காதீர்கள், காய்கறியில் அதற்குத் தடை உண்டு. பரிந்துரைக்குக் கீழே "இப்போதே வாங்கு" என்று பொத்தான் இருந்தால், மருந்தில்லா வழிகள் திரையின் அடியில் ஒளிந்திருக்கும். உருட்டிப் பாருங்கள்.

## அறிகுறி 6: எச்சரிக்கை வரவில்லை, அல்லது காலம் தப்பி வருகிறது

வரவே இல்லை என்றால்: சில மாதம் திறக்காத செயலியின் அனுமதிகளை ஆண்ட்ராய்டு தானாகவே பிடுங்கிவிடும். பருவத்துக்குப் பருவம் மட்டும் திறப்பவர்களுக்கு இதுதான் நடக்கிறது. செட்டிங்ஸில் அந்தச் செயலிக்குப் போய், இடம், கேமரா, அறிவிப்பு மூன்றையும் மறுபடி கொடுத்து, "பயன்படுத்தாதபோது அனுமதியை நீக்கு" என்பதை அணையுங்கள். பேட்டரி சேமிப்பிலும் விலக்கு கொடுங்கள்.

தப்பி வருகிறது என்றால்: விதைத்த தேதி கேட்ட இடத்தில் நட்ட தேதியைக் கொடுத்தீர்களா? தக்காளி நாற்று 25 முதல் 30 நாள். அந்த ஒரு மாதம் எல்லா எச்சரிக்கையையும் தள்ளிவிடும். இடத்துக்கு "தோராயம்" என்று அனுமதித்திருந்தால் "துல்லியம்" என்று மாற்றுங்கள். பதிவு செய்தபோது பெங்களூர் வீட்டில் இருந்தீர்கள், நிலம் மாலூரில் என்றால் வானிலை முழுக்க வீட்டுக்குரியது. வயலில் நின்று இடத்தை மறுபடி பதியுங்கள். அப்படியும் மழைக் கணிப்பை முழுதாக நம்பித் தெளிக்காதீர்கள். ஒயிட்ஃபீல்டில் கொட்டும் மழை கெங்கேரியில் தூறாத ஊர் இது.

ஓ.டி.பி. வராதது, மொழி கன்னடத்துக்கு மாறுவது போன்றவை சிறியவை. இரண்டு சிம் இருந்தால் பதிவு செய்த எண் எதில் என்று பாருங்கள், செயலியின் உள்ளமைப்பில் மொழியைத் தமிழாக்குங்கள். தமிழ்ப் பூச்சிப் பெயர் விளங்கவில்லை என்றால் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அசுவினியும் இலைப்பேனும் ஊருக்கு ஊர் வேறு பெயரில் வழங்குகின்றன.

## அறிகுறி 7: செயலி சொன்னதை அடித்தும் பூச்சி குறையவில்லை

முதலில் நாசிலைப் பாருங்கள். இலையடியில் மருந்து பட்டதா? இலைக்கு மேல் மட்டும் நனைத்தால் வெள்ளை ஈயும் சிலந்திப்பேனும் தப்பிவிடும். அடித்த இரண்டு மூன்று மணி நேரத்தில் மழை வந்ததா?

அது சரியென்றால் மருந்து வகையைப் பாருங்கள். இரண்டாம் முறை செயலி வேறு பெயர் சொல்லியிருக்கும், ஆனால் இரண்டும் ஒரே வகையாக இருக்கலாம். லேபிளில் இருக்கும் வேதிப்பெயரை ஒப்பிடுங்கள். குளோரான்ட்ரானிலிப்ரோல், சையான்ட்ரானிலிப்ரோல், ஃபுளூபென்டியமைடு மூன்றும் ஒரே வகை. இமிடாகுளோப்ரிடும் தையாமெத்தோக்சாமும் ஒரே வகை. ஸ்பினோசாடும் ஸ்பினெட்டோராமும் ஒரே வகை. மாற்றி மாற்றி அடிப்பதாக நினைத்துக்கொண்டு ஒன்றையே அடித்திருப்பீர்கள், பூச்சி அதற்குப் பழகிவிடும். வகை மாற்றியும் குறையவில்லை என்றால் மூன்றாம் முறை அடிக்காதீர்கள். எதிர்ப்பு வந்திருக்கலாம், அல்லது பெயரே தப்பாக இருக்கலாம். இரண்டையும் ஆள் வந்துதான் சொல்ல வேண்டும்.

அடுத்த நடவுக்கு இன்னொரு வழியும் உண்டு: முட்டைகோஸில் 25 வரிசைக்கு இரண்டு வரிசை கடுகும், தக்காளியில் 16 வரிசைக்கு ஒரு வரிசை சாமந்தியும், பூச்சியைத் தன் பக்கம் இழுக்கும் பொறிப்பயிராகப் போடலாம். சாமந்தி நாற்று 45 நாளும் தக்காளி நாற்று 25 நாளும் ஆனபோது சேர்த்து நட்டால் பூக்கும் காலம் பொருந்தும். சாமந்தி தாமதமானால் பயனில்லை.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

வாடல் பரவினால், பின்கருகல் சந்தேகம் என்றால், இரண்டு தெளிப்புக்கும் அடங்காவிட்டால், செயலிக்கும் உங்களுக்கும் தெரியாத பூச்சி தென்பட்டால். விவசாயிகளுக்கான இலவச உதவி எண் 1800-180-1551, காலை 6 முதல் இரவு 10 வரை, தமிழிலும் பேசலாம். கர்நாடகப் பக்கம் ஹோப்ளியில் (சில ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) இருக்கும் ரைத சம்பர்க்க கேந்திரா என்னும் விவசாயிகள் தொடர்பு மையம், தொட்டபள்ளாபூர் வட்டம் ஹாடோனஹள்ளியில் வேளாண் அறிவியல் நிலையம், காய்கறி, பூ, பழத்துக்கு ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம். ஓசூர்ப் பக்கம் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம். பயிர்ப் பூச்சியை அழிக்கும் நன்மை செய்யும் ஒட்டுண்ணி, இரைவிழுங்கி பற்றி அறிய ஹெப்பாளில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம். மத்திய அரசு 2024 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்புச் செயலியிலும் படம் அனுப்பலாம்.

மருந்து தெளித்தவருக்குத் தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல், எச்சில் ஒழுகல் என்றால் எந்தச் செயலியையும் திறக்காதீர்கள். உடையை மாற்றிக் கழுவிவிட்டு 108-ஐ அழையுங்கள், டப்பாவையோ லேபிளையோ மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

மாதிரி கொண்டுபோவதென்றால் பாதித்ததும் நல்லதுமாக இரண்டு செடியை வேரோடு பிடுங்கி, செய்தித்தாளில் சுற்றி, காலையிலேயே கிளம்புங்கள். பாலித்தீன் பையில் ஈரத்தோடு கட்டினால் போய்ச் சேர்வதற்குள் அழுகி, எந்த நோய் என்பதே தெரியாமல் போகும். எந்த மருந்து, எந்த தேதி, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள்.